வெளியூரில் ஓர் இரவு

2025 நவம்பர் 2-ஆம் தேதி இரவு, நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் இந்திய மகளிர் கிரிக்கெட் அணி தென்னாப்பிரிக்காவை 52 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தி, முதன்முறையாக ஒருநாள் போட்டிக்கான உலகக் கோப்பையை வென்றது. கோப்பையோடு சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் வழங்கிய பரிசுத் தொகை 44.8 லட்சம் டாலர். 2023-இல் இதே உலகக் கோப்பையின் ஆடவர் பிரிவில் வென்ற ஆஸ்திரேலிய அணி பெற்றது 40 லட்சம் டாலர். மகளிருக்கான பரிசு ஆடவருக்கான பரிசை விஞ்சியது. விளையாட்டில் பாலின சமத்துவம் வந்துவிட்டது என்று பலரும் மகிழ்ந்தனர்.

மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால், பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்றவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. விலையைச் சொன்னால், அளவு எவ்வளவு என்று கேட்போம். 2022 அக்டோபரில் இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம், ஒப்பந்தத்தில் உள்ள ஆடவருக்கும் மகளிருக்கும் ஆட்ட ஊதியத்தைச் சமமாக்கியது. டெஸ்ட் போட்டிக்கு ரூ.15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு ரூ.6 லட்சம், டி20 போட்டிக்கு ரூ.3 லட்சம். விலை சமமாகிவிட்டது. அளவு?

தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரான மிதாலி ராஜ், 1999 முதல் 2022 வரை இந்தியாவுக்காக ஆடினார். இந்த 23 ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த டெஸ்ட் போட்டிகள் 12. சென்னையின் ரவிச்சந்திரன் அஸ்வின் 2011 முதல் 2024 வரை ஆடிய டெஸ்ட் போட்டிகள் 106. இன்றைய சமமான ஊதியத்தை அன்றே இருவருக்கும் வழங்கியிருந்தாலும், ஒருவருக்கு ரூ.1.80 கோடியும் மற்றவருக்கு ரூ.15.90 கோடியும் கிடைத்திருக்கும். ஆண்டு ஒப்பந்தத் தொகையிலோ அந்தச் சமத்துவமும் இல்லை. 2024-25 பருவத்தில் ஆடவரின் உச்சப் பிரிவுக்கு ரூ.7 கோடி, மகளிரின் உச்சப் பிரிவுக்கு ரூ.50 லட்சம்.

இவையெல்லாம் கோபுரத்தின் கலசத்தைப் பற்றிய கணக்குகள். டென்னிஸில் அமெரிக்க ஓபன் 1973-இலேயே பரிசைச் சமமாக்கியது. விம்பிள்டன் அதற்கு 34 ஆண்டுகள் கழித்து 2007-இல்தான் இணங்கியது. கலசங்கள் இப்படி ஒவ்வொன்றாக மெருகேறி வருகின்றன. அடித்தளத்தில் இருக்கும் கல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அதைப் பற்றிப் பேச விருத்தாசலத்தை அடுத்த கம்மாபுரம் பொருத்தமான இடம்.

கம்மாபுரம், கடலூர் மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். ஒரு பக்கம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம். மறுபக்கம் நெய்வேலியின் நிலக்கரிச் சுரங்கங்கள். ஒன்றியத்தைச் சேர்ந்த கிராமங்களில் பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். தமிழ்நாட்டில் இதைப் போன்ற ஒன்றியங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அதனாலேயே இது பொருத்தமான உதாரணம்.

இந்த ஒன்றியத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவனும் மாணவியும் கடலூரில் நடக்கும் மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். போட்டி காலை 8 மணிக்குத் தொடங்குகிறது; இரண்டு நாள்கள் நடக்கிறது. மாணவனுக்கு ஆகும் செலவு ஒரு பேருந்துக் கட்டணம், உணவு, நண்பன் வீட்டுத் திண்ணை. மாணவிக்கோ முதல் நாளே புறப்பட வேண்டும் என்ற நிலை வந்தால், அவளுடைய தாயோ அண்ணனோ உடன் செல்ல வேண்டும். ஆகவே பேருந்துக் கட்டணம் இரண்டு. உணவு இரண்டு. பாதுகாப்பான அறை ஒன்று. இவற்றோடு தாய் இழக்கும் இரண்டு நாள் கூலி. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் 2025-26-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயிக்கப்பட்ட நாள் ஊதியம் ரூ.336. அதை அளவுகோலாகக் கொண்டால் கூலி இழப்பு மட்டுமே ரூ.672. அரசோ பள்ளியோ மாணவிக்குப் பயணப்படி வழங்கலாம். உடன் செல்லும் தாய்க்கு யார் வழங்குவார்?

ஒரே போட்டி, ஒரே தூரம், ஒரே மைதானம். ஆனால், மாணவி செலுத்தும் விலை மாணவன் செலுத்தும் விலையைப் போல இரு மடங்கு, சில வேளைகளில் மும்மடங்கு. சந்தையில் ஒரே பொருளுக்கு இருவரிடம் இரு விலை கேட்டால் அதை விலைப் பாகுபாடு என்று பாடநூலில் படிக்கிறோம். பெண் பிள்ளை வீட்டைவிட்டு வெளியே செல்வதற்கான இந்த இரட்டை விலையை மட்டும் 'வழக்கம்' என்று சொல்லிக் கடந்து விடுகிறோம்.

விளையாட்டுத் துறை வேறு, சுற்றுலாத் துறை வேறு. அமைச்சர்கள் வேறு, நிதி ஒதுக்கீடு வேறு. பெண்ணைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வாசற்படி ஒன்றுதான். வீராங்கனை என்பவள் முதலில் ஒரு பயணி. அவள் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். முன்பின் அறியாத ஊரில் ஓர் இரவு தங்க வேண்டும். மறுநாள் தலை நிமிர்ந்து திரும்பி வர வேண்டும். இந்த மூன்றும் எளிதாகாத இடத்தில் பரிசுத் தொகையை எத்தனை மடங்கு உயர்த்தினாலும், அதைப் பெறுவதற்குக் கம்மாபுரத்திலிருந்து யாரும் போய்ச் சேரப் போவதில்லை.

பணத்துக்கு அடுத்து நேரம். மத்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். இந்த 88 நிமிடங்களைப் பார்த்து ஆண்கள் பெருமைப்பட வேண்டியதில்லை. வீட்டு வேலையில் ஈடுபடும் ஆண்களை மட்டும் வைத்து எடுத்த சராசரி அது. துரும்பையும் அசைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 201 நிமிடங்கள். ஒரு கால்பந்து ஆட்டம் 90 நிமிடங்கள். அதாவது, பெண்கள் ஒவ்வொரு நாளும் ஆண்களைவிட இரண்டு முழு ஆட்டங்களுக்கும் கூடுதலான நேரத்தை அடுப்படியிலும் குழாயடியிலும் ஆடி முடிக்கிறார்கள். மாலை ஐந்து மணிக்கு ஊர்த் திடலில் பையன்கள் மட்டும் மட்டை பிடிப்பதற்கு அவர்களுடைய இயற்கையான ஆர்வம்தான் காரணம் என்று சொல்பவர்கள், அந்த நேரத்தில் அவர்களுடைய சகோதரிகள் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

இந்தத் தடைகளை மீறி முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்று வெகு தொலைவில் இல்லை. இதே கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கடலூர்க் கடற்கரையைச் சிதைத்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில், கடலூரில் உள்ள இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகத்தில் பயிற்சியாளர் மாரியப்பன், பேரலையாலும் வறுமையாலும் பாதிக்கப்பட்ட சிறுமிகளைச் சேர்த்துக் கால்பந்து கற்றுக் கொடுத்தார். அந்தக் கழகத்தின் அணி, பின்னர் இந்திய மகளிர் லீக் போட்டியிலும் ஆடியது. அங்கு பயின்றவர்களில் ஒருவர் இந்துமதி கதிரேசன். இந்திய அணியின் நடுக்கள வீராங்கனையாக உயர்ந்த அவர், தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2020-இல் கரோனா ஊரடங்கின்போது பந்தை வைத்துவிட்டுச் சென்னைச் சாலையில் காவல் பணியில் நின்றவர் அவர்.

தேசிய மகளிர் கால்பந்து என்றால் மணிப்பூர்தான் என்று இருந்த நிலையில், 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன் போட்டியின் இறுதி ஆட்டத்தில் தமிழ்நாடு 2-1 என்ற கணக்கில் மணிப்பூரை வென்று முதன்முறையாகப் பட்டம் பெற்றது. 2019-இல் மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக் கோப்பையை வென்றது. 2023 ஜூனில் அமிருதசரஸில் ஹரியாணாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசிய சாம்பியன் ஆனது. இந்த எழுச்சியில் கடலூர்ப் பெண்களின் பங்கு கணிசமானது.

இதற்குக் காரணமாக வீர மரபையும் கடலோர மக்களின் உடல் வலிமையையும் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் கணிப்பில், கடலூரில் நடந்தது மிக எளிமையான ஒரு மாற்றம். படுக்கை, உணவு, பள்ளி, மைதானம் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒவ்வொரு பயணத்துக்கும் வீட்டில் தனித்தனியாக அனுமதி கேட்க வேண்டிய நிலை குறைந்தது. அந்தச் சிறுமிகளின் மாலை நேரம் அவர்களுக்கே உரியதானது. இரட்டை விலையும் 201 நிமிடங்களும் ஒரே நேரத்தில் நீங்கிய இடத்தில் திறமை தானாக வெளிப்பட்டது. அதற்கு ஒரு பேரழிவு தேவைப்பட்டது என்பதுதான் வேதனை. வீடு நிலைத்து நின்ற உள்மாவட்டச் சிறுமிக்கு அந்த வாய்ப்பு வரவில்லை.

சென்னையில் கண்ணகி நகர் வேறொரு வழியைக் காட்டுகிறது. நகரின் நடுப்பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியமர்த்தப்பட்ட பகுதி அது. அங்கிருந்து வந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் இடம்பெற்றார். மாநில அரசு அவருக்கு ரூ.25 லட்சம் வழங்கியது. அவர் பயிற்சி பெற்ற களம் அவருடைய குடியிருப்புப் பகுதியிலேயே இருந்தது. நடந்து செல்லும் தொலைவில் ஆடுகளமும், தெரிந்த முகமாக ஒரு பயிற்சியாளரும் இருந்தால் பெண் பிள்ளையின் விளையாட்டுக்கான விலை சட்டென்று இறங்கிவிடுகிறது.

பெற்றோரின் அச்சத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது நியாயமல்ல. 2023-இல் வினேஷ் போகாட், சாக்ஷி மாலிக் உள்ளிட்ட உலகறிந்த மல்யுத்த வீராங்கனைகள், தங்கள் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறி, தில்லி ஜந்தர் மந்தரில் வாரக்கணக்கில் அமர்ந்திருந்ததை நாடே பார்த்தது. காவல்துறை அவர்களைச் சாலையில் இழுத்துச் சென்ற காட்சியையும் பார்த்தது. ஒலிம்பிக் பதக்கம் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், 'முகாமில் உன்னோடு யார் இருப்பார்கள்?' என்று கம்மாபுரத்துத் தாய் கேட்பதில் என்ன தவறு? 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், ஒவ்வொரு தேசியக் கூட்டமைப்பின் செயற்குழுவிலும் குறைந்தது நான்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. 15 பேருக்கு மிகாத குழுவில் நால்வர். தொடக்கம் என்ற அளவில் சரி. ஆனால், அந்தத் தாயின் கேள்விக்குத் தில்லியில் உள்ள செயற்குழு விடை சொல்லாது. பள்ளியில் ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் அவர் சொல்வார்.

பெண்ணின் உடலே விசாரணைக்கு உள்ளாகும் கொடுமையும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று கூறி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அன்றைய மாநில அரசு அறிவித்த ரூ.15 லட்சத்தை வழங்கியது என்றாலும், செங்கல் சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கு அவர் தள்ளப்பட்டார். நீண்ட போராட்டத்துக்குப் பிறகே அரசுப் பயிற்சியாளர் பணி கிடைத்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் முதல், உலகத் தடகள அமைப்பு தன் உலகப் போட்டிகளில் மகளிர் பிரிவில் பங்கேற்போர் அனைவரும் ஒருமுறை மரபணுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று விதித்திருக்கிறது. மகளிர் பிரிவின் நியாயத்தைக் காக்க வரையறை தேவை என்ற வாதத்தைப் புறந்தள்ள முடியாது. ஆனால், சோதனையின் முடிவு ஊருக்கெல்லாம் பறையறையப்பட்டால் ஒரு கிராமத்துப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகும் என்பதைச் சாந்தியின் வழக்கு காட்டிவிட்டது. வெளியே செல்வதற்கான விலையில் இதுவும் சேர்கிறது.

இனி சுற்றுலாவுக்கு வருவோம். உள்நாட்டுப் பயணியர் வருகையில் நாட்டின் முன்னணி மாநிலங்களில் தமிழ்நாடு ஒன்று. கோடிக்கணக்கில் எண்ணிக்கை வெளியாகிறது. ஆனால், மாநிலவாரி உள்நாட்டுப் பயணியர் அட்டவணையில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்ற பிரிவு இல்லை. வெளிநாட்டுப் பயணியருக்கு அந்தப் பிரிவு உண்டு. அவர்கள் கடவுச்சீட்டோடு வருகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்பதை எண்ணும் தேவை நமக்கு இதுவரை எழவில்லை.

எண்ணாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிகிறது. செவ்வாடை உடுத்திய பெண்கள் பேருந்து பேருந்தாக மேல்மருவத்தூர் செல்வதைத் தமிழ்நாட்டின் எந்த நெடுஞ்சாலையிலும் பார்க்கலாம். கணவன் துணையின்றி, பக்கத்து வீட்டுப் பெண்களோடு, இரவுப் பயணமாகச் செல்கிறார்கள்; வழியில் இறங்கித் தேநீர் குடிக்கிறார்கள்; பாடுகிறார்கள்; திரும்பும்போது இன்னும் ஓர் ஊரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பக்தியைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமல்ல. தமிழ்நாட்டின் உழைக்கும் பெண்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய சுற்றுலா இயக்கம் இதுதான் என்பதை எந்தச் சுற்றுலாக் கொள்கையும் கவனிக்கவில்லை என்பதே என் வருத்தம். கோயில், குழு, குறித்த நாளில் திரும்புதல் என்ற மூன்றும் சேரும்போது வீடு அனுமதிக்கிறது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் 'எதற்கு?' என்ற கேள்வி எழுகிறது. கடற்கரையைப் பார்க்க, மலையைப் பார்க்க, சும்மா ஊர் சுற்ற என்ற பதில்கள் ஆண்களுக்கு மட்டுமே செல்லுபடியாகின்றன.

விருத்தாசலத்தையே எடுத்துக்கொள்வோம். மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில், அருகில் ஸ்ரீமுஷ்ணம், சற்றுத் தள்ளி வடலூர், சிதம்பரம், அதற்கு அப்பால் பிச்சாவரம் அலையாத்திக் காடு. மாவட்டம் முழுவதும் காண்பதற்கு உரிய இடங்கள். பழமலைநாதர் கோயிலின் கற்றளித் திருப்பணியோடு இணைத்துப் பேசப்படுபவர் சோழ அரசி செம்பியன் மாதேவி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் அரசி ஊர் ஊராகக் கோயில் எழுப்பிய நாட்டில், தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரத் தயங்கும் தங்கும் விடுதிகள் இன்றும் இருக்கின்றன.

விருத்தாசலம் ஒரு ரயில் சந்திப்பு. சென்னையிலிருந்து மாலையிலும் முன்னிரவிலும் புறப்படும் தென்மாவட்ட ரயில்களில் பல நள்ளிரவை ஒட்டி இங்கு நிற்கின்றன. சென்னையில் போட்டியை முடித்துக்கொண்டு வரும் கம்மாபுரத்து மாணவியோ, வேலை தேடிச் சென்று திரும்பும் பெண்ணோ அந்த நேரத்தில் இறங்கினால், விடியும் வரை எங்கே இருப்பது? பணிபுரியும் மகளிருக்காக அரசு 'தோழி' விடுதிகளைப் பெருநகரங்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் திறந்து வருகிறது, பாராட்டத்தக்க திட்டம். சந்திப்பு நிலையம் உள்ள வட்டத் தலைநகரங்களிலும் ஒருநாள், இருநாள் தங்குவதற்குச் சில படுக்கைகள் ஒதுக்கப்பட்டால், அது விளையாட்டுத் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் ஒரே நேரத்தில் செய்யப்பட்ட முதலீடு.

பயணத்தின் விலையைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே பெரிய சோதனை ஒன்று நடந்திருக்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் பெண் ஒருவருக்குச் சராசரியாக மாதம் ரூ.888 மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. இந்தத் தொகையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பேருந்தில் ஏறுவதற்கு வீட்டில் யாரிடமும் சில்லறை கேட்க வேண்டியதில்லை. கேட்காததால் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால், அந்தச் சலுகை நகரப் பேருந்தின் கடைசி நிறுத்தத்தோடு முடிந்துவிடுகிறது. விருத்தாசலம் சந்தைக்கு இலவசம். கடலூர் மைதானத்துக்குக் கட்டணம். எல்லா வெளியூர்ப் பேருந்துகளையும் இலவசமாக்க வேண்டும் என்று நான் கூறவில்லை. போக்குவரத்துக் கழகங்களின் நிதிநிலை அதைத் தாங்காது. பள்ளியின் சான்றிதழோடு போட்டிக்குச் செல்லும் மாணவிக்கும், உடன் செல்லும் ஒரு பெண்ணுக்கும் என்று வரையறுத்தால் செலவு மிகச் சிறியது.

சுற்றுலாவில் வேலை செய்யும் பெண்களின் கதை தனி. ஐ.நா. உலகச் சுற்றுலா அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகச் சுற்றுலாப் பணியாளர்களில் 54 சதவீதத்தினர் பெண்கள். ஆனால் அவர்கள் ஆண்களைவிட 14.7 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கின்றனர். படுக்கை விரிப்பவரும் பாத்திரம் கழுவுபவரும் பெண். மேலாளரும் ஓட்டுநரும் வழிகாட்டியும் ஆண் என்ற பிரிவினைதான் இதன் அடிப்படை. கொலு மேடைக்கு விருத்தாசலம் பீங்கான் பொம்மை வாங்கிச் செல்லும் பயணிக்கு, கடைக்காரரைத் தெரியும்; பட்டறையில் வண்ணம் தீட்டிய பெண்ணைத் தெரியாது.

தெற்காசியாவில் நிலைமை இன்னும் மோசம். சுற்றுலாவை நம்பி வாழும் இலங்கையில், அந்தத் துறையின் பணியாளர்களில் பெண்கள் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. விடுதி வேலை என்றால் மகளுக்கு மணம் அமையாது என்ற எண்ணம் அங்கும் இருக்கிறது; இங்கும் இருக்கிறது. அந்த எண்ணத்தை எதிர்கொள்ளவே, 2025 ஜனவரியில் தம்புள்ளைக்கு அருகே கண்டலமையில் பெண்களே முழுவதும் நடத்தும் 'அம்ப யாளு' என்ற விடுதி திறக்கப்பட்டது. மேலாண்மை முதல் தோட்டப் பராமரிப்பு, காவல் வரை பெண்கள். கேரளமோ பொறுப்புச் சுற்றுலா இயக்கத்தின் மூலம், ஐ.நா. மகளிர் அமைப்போடு இணைந்து பெண்களுக்கு இணக்கமான சுற்றுலாத் திட்டத்தை 2022-இல் தொடங்கியது. பெண் பயணிக்குப் பெண் வழிகாட்டி, பெண் ஓட்டுநர், பெண் நடத்தும் தங்குமிடம் என்ற சங்கிலி அது. ஒரு பெண்ணின் வேலை இன்னொரு பெண்ணின் பயணத்துக்குத் துணையாகிறது. இந்தியாவில் ஆலைகளில் பணிபுரியும் பெண்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆலைக்குப் பெண்களை இவ்வளவு எண்ணிக்கையில் அனுப்பிய மாநிலத்தால், பிச்சாவரத்தில் துடுப்புப் பிடிக்கவும் சிதம்பரத்தில் வரலாறு சொல்லவும் பெண்களைப் பயிற்றுவிக்க முடியாதா?

மகளிர் விளையாட்டைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். 2023-இல் ஆஸ்திரேலியாவும் நியூஸிலாந்தும் நடத்திய மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தை மைதானங்களில் பார்த்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம் பேர். விளையாட்டுச் சுற்றுலாவின் வருவாய் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் பேருந்துகளுக்கும் சென்றது. நம் மாமல்லபுரத்தில் 2022 ஜூலை, ஆகஸ்டில் நடந்த செஸ் ஒலிம்பியாடில் பொதுப் பிரிவில் 188 அணிகளும், மகளிர் பிரிவில் 162 அணிகளும் பங்கேற்றன. பொதுப் பிரிவுக்கு அணி அனுப்ப முடிந்த பல நாடுகளுக்கு, ஐந்து பெண்களை விமானத்தில் ஏற்றி அனுப்ப முடியவில்லை, அல்லது தோன்றவில்லை. கம்மாபுரத்தின் கணக்கு உலக அளவிலும் அதே கணக்குதான்.

உள்ளூரில் என்ன செய்யலாம்? 2024-இல் தமிழ்நாடு அரசு 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் விளையாட்டு உபகரணத் தொகுப்புகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பந்து, மட்டை, வலை, கையுறை என 33 வகைப் பொருள்கள். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலம் இது. ஆகவே, பல ஊர்களில் அந்தத் தொகுப்பைப் பெற்றுக் கையெழுத்திட்டவர் ஒரு பெண் தலைவராகவே இருந்திருப்பார். ஆனால், திறவுகோல் யாரிடம் இருக்கிறது? ஊர்த் திடல் எந்த நேரத்தில் யாருக்கு? இதற்குப் பணம் தேவையில்லை. கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும். வாரத்தில் மூன்று மாலைகள் திடல் பெண்களுக்கு என்று எழுதி வைத்தால், முதல் மாதம் யாரும் வரமாட்டார்கள். சில பேர் கேலியும் செய்வார்கள். மூன்றாம் மாதம் வருவார்கள். மாலை நேரத்தில் அடுப்படி வேலையை யார் பார்ப்பது என்ற பேச்சும் அப்போது வீடுகளில் எழும், எழட்டும்.

நெய்வேலியின் பாரதி விளையாட்டரங்கம் இந்தப் பகுதியின் பெரும் செல்வம். சுரங்கத்தைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பொதுத்துறை நிறுவனம் சமூகப் பொறுப்புணர்வு நிதியில் எத்தனையோ செய்கிறது. விடுமுறை நாள்களில் ஒன்றியத்து மாணவிகளை ஏற்றி வந்து, பயிற்சியும் மதிய உணவும் கொடுத்து, இருட்டுவதற்கு முன் வீட்டு வாசலில் இறக்கிவிடும் ஒரு பேருந்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாம்.

மாவட்டப் போட்டிகளின் நேர அட்டவணையையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். மாணவியர் பிரிவுப் போட்டிகளைக் காலை 8 மணிக்குப் பதிலாக 11 மணிக்குத் தொடங்கினால், கம்மாபுரம், மங்களூர், நல்லூர் ஒன்றியங்களிலிருந்து வருவோர் முதல் நாள் இரவே புறப்பட வேண்டியதில்லை. இதற்கு நிதி ஒதுக்கீடும் வேண்டாம், அரசாணையும் வேண்டாம். அட்டவணை தயாரிப்பவர் பேருந்து நேரத்தை ஒருமுறை விசாரித்தால் போதும்.